சனி ஞாயிறு மட்டும் ஆடிய லீக்

அனைவருக்கும் வணக்கம்.

1946 ஜூன் 6-ஆம் தேதி நியூயார்க்கில் பெரிய அரங்கங்களின் முதலாளிகள் சிலர் கூடி ஒரு கூடைப்பந்துச் சங்கம் தொடங்கினார்கள். ஐஸ் ஹாக்கி இல்லாத இரவுகளில் அரங்கம் சும்மா கிடக்கிறதே என்பதுதான் அவர்கள் கவலை. மூன்று வருஷம் கழித்து அது இன்னொரு லீக்கோடு சேர்ந்து என்பிஏ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். அதற்கு ஆறு வாரம் முன்பு, ஏப்ரல் 23 அன்று, பென்சில்வேனியாவில் பிறந்த லீக் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பெயர் ஈஸ்டர்ன் பென்சில்வேனியா பாஸ்கெட்பால் லீக். வில்க்ஸ்-பாரே, ஹேஸில்டன், ஆலன்டவுன், லங்காஸ்டர், ரெடிங் என்று ஐந்து ஊர்கள். ஆறாவது அணி நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன்; அதுவும் முதல் சீசன் முடிவதற்குள் பென்சில்வேனியாவின் பாட்ஸ்வில்லுக்கு இடம் மாறிவிட்டது. வில்க்ஸ்-பாரே, ஹேஸில்டன், பாட்ஸ்வில் எல்லாம் நிலக்கரிச் சுரங்க ஊர்கள். பின்னால் சேர்ந்த ஸ்க்ரான்டன் அணிக்கு ‘மைனர்ஸ்’ என்றே பெயர், சுரங்கத் தொழிலாளர்கள் என்று பொருள். முதல் கோப்பையை வில்க்ஸ்-பாரே பாரன்ஸ் எடுத்தது.

ஆட்டங்கள் பெரும்பாலும் வாரக் கடைசியில்தான். திங்கள் முதல் வெள்ளி வரை ஆட்டக்காரர்களுக்கு வேறு வேலை. சனிக்கிழமை மதியம் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் ஒரே காரில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பனி கொட்டும் மலைச்சாலையில் கிளம்புவார்கள். ஓர் ஊரில் சனி இரவு, இன்னோர் ஊரில் ஞாயிறு. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய பணம். அரங்கம் என்று சொல்ல முடியாது: ஆலன்டவுன் ஜெட்ஸ் ஆடியது ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் ராக்னி ஹாலில். வில்க்ஸ்-பாரே ஆடியது ஆற்றுக்கு அக்கரையில், கிங்ஸ்டனில் இருந்த ராணுவப் பயிற்சிக்கூடத்தில். இதைத்தான் செமி-புரோ என்கிறோம். ஆடினால் காசு உண்டு, அந்தக் காசை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

ஜான் சேனியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் கோச்சாகப் பெயர் வாங்கி, 2001-ல் கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். இளமையில் அவர் பிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியர். வாரக் கடைசியில் சன்பரி மெர்க்குரிஸுக்கும் பிறகு வில்லியம்ஸ்போர்ட்டுக்கும் ஆடினார். பின்னாளில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் கோச்சான ஜிம் போஹைம், அங்கே கோச் வேலையைக் கற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே ஸ்க்ரான்டனுக்குக் காரோட்டி வந்து ஆடியவர்.

இத்தனை சின்ன லீக்கில் இவ்வளவு பெரிய ஆட்டம் எப்படி வந்தது? அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1955 முதல் 1961 வரை என்பிஏவில் எட்டே அணிகள். ஓர் அணிக்குப் பத்துச் சொச்சம் பேர். ஆக அமெரிக்கா முழுவதற்கும் நூறு இடம்கூட இல்லை. அதிலும் ஓர் அணியில் இத்தனை கறுப்பர்களுக்கு மேல் வேண்டாம் என்று, எங்கும் எழுதி வைக்காத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு இருந்தது.

ஹால் லியர் என்று ஒருவர். 1956-ல் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிக் கட்டத்தில் அவர் ஆடிய டெம்பிள் அணி மூன்றாம் இடம்தான் வந்தது. ஆனால் மூன்றாம் இடத்துக்கான அந்த ஆட்டத்தில் அவர் தனியாளாக 48 புள்ளி எடுத்தார். சிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்கே போனது. அந்த வருஷம் கோப்பையை வென்ற சான் பிரான்சிஸ்கோ அணியில், பின்னாளில் என்பிஏவின் மாபெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான பில் ரஸ்ஸல் இருந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட லியர் என்பிஏவில் ஆடியது மூன்றே மூன்று ஆட்டம். பிறகு ஏறத்தாழ பத்து வருஷம் ஈஸ்டர்ன் லீக். ஈஸ்டன் என்ற சின்ன ஊரில் டிக்கெட் வாங்கிய ஜனங்கள், நாடே பார்த்திருக்க வேண்டிய ஒருவரைப் பள்ளி ஜிம்மில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு அது அதிர்ஷ்டம். லியருக்கு நிச்சயமாக இல்லை.

இந்த லீக்கில் முதல் சீசனிலேயே ஹேஸில்டன் அணியில் பில் பிரவுன், ஜாக் கிளேட்டன், ஜான் ஐசக்ஸ் என்ற மூன்று கறுப்பின வீரர்கள் ஆடினார்கள். என்பிஏ அந்தக் கதவைத் திறந்தது 1950-ல். 1955-56-ல் அதே ஹேஸில்டன் ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கியது. என்பிஏவில் அப்படி ஓர் ஐவர் பாஸ்டன் செல்டிக்ஸ் சார்பில் இறங்கியது 1964 டிசம்பர் 26 அன்று. இதற்காக அந்தச் சுரங்க ஊர் முதலாளிகளைச் சீர்திருத்தவாதிகள் என்று நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஜெயிக்க வேண்டும், ஹால் நிறைய வேண்டும், நல்ல ஆட்டக்காரர்கள் மலிவாகக் கிடைக்கிறார்கள். அந்தக் கணக்கும் அதில் நிச்சயம் உண்டு.

அந்த ஹேஸில்டன் ஐவரில் ஷெர்மன் வைட், ஃபிளாய்ட் லேன் இருவரும் இருந்தார்கள். 1951-ல் கல்லூரி ஆட்டங்களில் புள்ளி வித்தியாசத்தைச் சூதாடிகளுக்காகக் குறைத்த ஊழல் வெடித்ததே, அதில் சிக்கி என்பிஏவின் வாசலைக்கூட மிதிக்க முடியாமல் போனவர்கள். வைட் அப்போது நாட்டிலேயே அதிகப் புள்ளி குவித்துக்கொண்டிருந்த கல்லூரி வீரர், சிறைக்கும் போனார். ஜாக் மோலினாஸ் விஷயம் வேறு. தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1954-ல் என்பிஏ அவரை வெளியேற்றியது. அவரும் இந்த லீக்குக்கு வந்து ஆடினார். ஆனால் திருந்தவில்லை, பின்னால் அவரே ஒரு பெரிய சூதாட்ட ஊழலை நடத்தி ஜெயிலுக்குப் போனார். தண்டனை முடிந்தவனுக்கு இடம் கொடுப்பது நல்லதுதான். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தால் மோலினாஸும் உள்ளே வருவார்.

இதற்கு நேர்மாறான ஒருவர் பால் அரிஸின். என்பிஏவில் இரண்டு முறை அதிகப் புள்ளி எடுத்தவர், 1956 சாம்பியன். 1962-ல் அவருடைய வாரியர்ஸ் அணி பிலடெல்பியாவை விட்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. இவர் போகவில்லை. வீட்டுப் பக்கத்திலேயே ஐபிஎம்மில் வேலை, வாரக் கடைசியில் இந்த லீக்கின் கேம்டன் புல்லட்ஸ் அணி. 1964-ல் கேம்டன் கோப்பையை வென்றது. ஒரு செமி-புரோ லீக் மனிதருக்குக் கொடுக்கக்கூடிய நல்லது எல்லாம் அரிஸினுக்குக் கிடைத்தது என்பேன், ஏனென்றால் அவர் விரும்பி வந்தவர். லியர் வேறு வழியில்லாமல் வந்தவர்.

ஆட்டத்தின் விதிகளிலும் இங்கே துணிந்து கை வைத்தார்கள். 1960-களின் நடுவிலேயே மூன்று புள்ளிக் கோடு போட்டுவிட்டார்கள், அதற்கு வெளியே தூரத்திலிருந்து பந்தைப் போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. பின்னால் என்பிஏவுக்குப் போட்டியாக வந்த ஏபிஏ லீக்குக்குச் சில வருஷம் முந்தி, என்பிஏவுக்குச் சுமார் பதினைந்து வருஷம் முந்தி. நடுவர்களும் இங்கே வளர்ந்தார்கள். லீக் தலைவர் ஹாரி ருடால்ஃபின் மகன் மெண்டி ருடால்ஃப் இங்கே விசில் ஊதப் பழகி, என்பிஏவின் பெரிய நடுவர்களில் ஒருவரானார்.

சரி, எப்படித் தேய்ந்தது? 1959 ஜனவரியில் பிட்ஸ்டன் அருகே சஸ்குவஹானா ஆறு நாக்ஸ் சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 12 பேர் இறந்தார்கள். அதோடு அந்தப் பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழிலே முடங்கியது. ஊரில் கூலி இல்லையென்றால் சனிக்கிழமை டிக்கெட்டுக்கு எங்கே போவது?

பெரிய காரணம் வேறு. 1967-ல் அந்த ஏபிஏ 11 அணிகளோடு வந்தது. என்பிஏவும் விரிந்துகொண்டே போய் 1970-ல் 17 அணிகள். எட்டு இருந்த இடத்தில் இருபத்தெட்டு. வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இடம் கிடைத்தது, இனக் கணக்கும் தளர்ந்தது. ஈஸ்டர்ன் லீக்கின் தரத்துக்கு அடித்தளம் அந்த அநியாயம்தான். அது குறையக் குறைய லீக் மெலிந்தது. பழைய ரசிகர்கள் இதைச் சொல்லி ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் வரவில்லை. லியர் 48 புள்ளி எடுத்தது 1970-ல் என்றால் ஈஸ்டன் அவரைப் பார்த்தே இருக்காது, அதுதான் சரி.

அப்புறம் ‘வளர்ச்சி’ வந்தது. 1977-ல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரம் அணி கேட்டது. பென்சில்வேனியாவில் காரில் போய் வந்துகொண்டிருந்த லீக் அலாஸ்காவுக்கு விமானம் ஏறியது. மறு வருஷம் பெயரே கான்டினென்டல் பாஸ்கெட்பால் அசோசியேஷன், சுருக்கமாக சிபிஏ. ஆட்டத்தை வென்றால் மூன்று புள்ளி, வெல்லும் ஒவ்வொரு கால் பகுதிக்கும் ஒரு புள்ளி என்று பட்டியல் முறையையே மாற்றினார்கள். 1984-ல் ஆல்பனி பேட்ரூன்ஸ் கோப்பை வாங்கியபோது அதன் கோச், பின்னாளில் என்பிஏவின் பெரிய கோச்சான ஃபில் ஜாக்சன். இங்கிருந்து ஜான் ஸ்டார்க்ஸ் போன்றவர்கள் என்பிஏ போனார்கள். நன்றாகத்தான் ஓடியது, ஆனால் அது இப்போது முழுநேர வேலை. அடுத்த வாரம் மேலேயிருந்து போன் வருமா என்று காத்திருப்பவர்களின் லீக். வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு ஆட முடியாது.

1999-ல் முன்னாள் என்பிஏ நட்சத்திரம் ஐசையா தாமஸ் மொத்த லீக்கையும் சுமார் ஒரு கோடி டாலருக்கு வாங்கினார். அதுவரை ஒவ்வோர் ஊரிலும் ஒரு முதலாளி, நஷ்டமோ லாபமோ அந்த ஊர் பார்த்துக்கொண்டது. இப்போது எல்லாம் ஒரே கையில். மறு வருஷம் என்பிஏ விலை பேசியது, அவர் கொடுக்கவில்லை. பிறகு இண்டியானா பேசர்ஸின் கோச் பதவி வந்தது. என்பிஏ கோச் இன்னொரு லீக்கை வைத்துக்கொள்ள முடியாது. 2001 பிப்ரவரியில், சீசன் நடுவே, ஆட்டம் நின்றது. மிச்சமிருந்த சில அணிகள் அதே பெயரில் இன்னும் சில வருஷம் ஓட்டிப் பார்த்தன. 2009-ல் அதுவும் முடிந்தது.

என்பிஏ 2001 கடைசியில் எட்டு அணிகளோடு சொந்தமாக ஒரு வளர்ப்பு லீக்கைத் தொடங்கியது. இன்றைய ஜி லீக் அதுதான். பழைய ஈஸ்டர்ன் லீக்கையும் இதையும் ஒப்பிட்டு எது மேல் என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டக்காரனுக்கு ஜி லீக் மேல், சந்தேகமே வேண்டாம். ஊருக்கு எது மேல் என்பதில் நீங்கள் என்னோடு சண்டை போடலாம். நேரம் இருக்கிறது, முன் வரிசையில் ஏற்கெனவே ஒருவர் கை தூக்கிவிட்டார். கேளுங்கள்.