பின்னத்தின் கீழ் எண்

நேயர்களுக்கு வணக்கம். பறவைக் காய்ச்சல் மனிதருக்கு வந்தால் இருவரில் ஒருவர் பிழைக்கமாட்டார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த கணக்கில், எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தொற்று உறுதியானவர்கள் 900 பேருக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். கூட்டிக் கழித்ததில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்குக்குள் வந்தவர்கள் யார்?

பள்ளியில் படித்த பின்னத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொகுதி, அதாவது இறந்தவர்கள். கீழே பகுதி, தொற்றியவர்கள். மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வருகிறவரைப் பரிசோதிக்கிறோம். கோழிக்குத் தீனி போட்டவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்து, கஷாயம் குடித்து எழுந்துவிட்டால்? அவரை யாரும் தேடிப் போவதில்லை. கீழ் எண் சிறுத்துப்போகிறது, விகிதம் ஏறிவிடுகிறது.

2024இல் அமெரிக்காவின் மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில், மாடுகளுக்கு இந்த நோய் கண்ட பால் பண்ணைகளின் தொழிலாளர்கள் 115 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 8 பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது, அதாவது தொற்று வந்துபோனதன் அடையாளம். அந்த 8 பேரில் பாதிப் பேருக்கு உடம்புக்கு வந்த ஞாபகமே இல்லை.

சரி, அப்போது பயப்பட ஒன்றுமில்லையா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தோனேசியாவில் உறுதியான சுமார் 200 பேரில் 168 பேர் இறந்தார்கள். எகிப்தில் சுமார் 360 பேரில் 120 பேர். இரண்டு நாட்டிலும் பரவிய வைரஸின் கிளை வேறு. எகிப்தில் குழந்தைகள் பலர் சீக்கிரமே மருத்துவமனைக்கு வந்து மருந்தும் பெற்றார்கள். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மேல் எண்ணிலும் ஆள் விடுபடுகிறது. 2006 மே மாதம், இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் உள்ள கரோ மாவட்டத்தில் ஒரே குடும்பத்தில் ஏழு பேருக்குத் தொற்று உறுதியானது. ஆறு பேர் இறந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பு நோயில் விழுந்து இறந்தவர் அந்த வீட்டுப் பெண் ஒருவர். பரிசோதனைக்கு மாதிரி எதுவும் எடுக்காமலே அவரை அடக்கம் செய்துவிட்டார்கள். நான் முதலில் சொன்ன அந்தக் கணக்கில் அவர் இல்லை.