வாடகை வீட்டில் பூச்சித் தொல்லை: பொறுப்பு யாருடையது?

[திரையில்: சமையலறை அலமாரியின் கதவு திறக்கிறது. கீலின் ஓரத்தில் சிறிய கரப்பான் பூச்சிகள் சிதறி ஓடுகின்றன.]

வணக்கம். வாடகை வீட்டில் கரப்பான் பூச்சியோ, எலியோ, மூட்டைப்பூச்சியோ தென்படும்போது, அதை எப்படி ஒழிப்பது என்ற கேள்விக்கு முன்பாகவே, செலவை யார் ஏற்பது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. வீட்டைக் கொடுத்தபோது சுத்தமாகத்தான் இருந்தது என்று உரிமையாளர் சொல்கிறார். வீடு உங்களுடையது, நீங்கள்தான் சரிசெய்து தர வேண்டும் என்று வாடகைதாரர் சொல்கிறார். இந்த வாக்குவாதம் நீளும் ஒவ்வொரு வாரமும் பூச்சிகள் பெருகிக்கொண்டிருக்கின்றன. முதலில் ஓர் அலமாரியோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, பிறகு முழு வீட்டுக்கும், சில சமயம் முழுக் கட்டடத்துக்கும் உரியதாகிவிடுகிறது. ஆகவே பொறுப்பை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை இந்த வீடியோவில் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: ஒரு வீட்டின் குறுக்குவெட்டுப் படம். சுவர், குழாய், வடிகால், குப்பைத்தொட்டி ஆகியவை ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

எந்தப் பூச்சியாக இருந்தாலும் அது வீட்டுக்குள் வர ஒரு வழி வேண்டும். வந்தபின் தங்குவதற்கு உணவும் ஈரமும் மறைவிடமும் வேண்டும். சுவர் விரிசல், மூடப்படாத குழாய்த் துவாரம், உடைந்த வடிகால் மூடி, ஒழுகும் கூரை ஆகியவை கட்டடத்தின் குறைகள். அவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் உரிமையாளரிடம்தான் இருக்கிறது. எனவே அவற்றால் வரும் தொல்லைக்கும் அவரே பொறுப்பாகிறார். இரவு முழுவதும் கழுவாமல் கிடக்கும் பாத்திரங்கள், நாள்கணக்கில் வெளியேற்றப்படாத குப்பை, மூடாமல் வைத்த தானியப் பைகள் ஆகியவை அன்றாட வாழ்க்கையைச் சேர்ந்தவை. அவை வாடகைதாரரின் கையில் இருக்கின்றன. எந்தக் குறையைத் திருத்தும் வாய்ப்பு யாரிடம் இருக்கிறதோ, அந்தக் குறையின் விளைவும் அவரைச் சேரும் என்பதே இந்தப் பிரச்சினை முழுவதற்கும் அடிப்படையான அளவுகோல்.

சட்டங்களும் பெரும்பாலும் இந்தத் திசையிலேயே செல்கின்றன. இங்கிலாந்தில் 2018-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகைக்கு விடப்படும் வீடு மனிதர் வசிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் தகுதியை மதிப்பிடும்போது பூச்சித் தொல்லையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. நியூயார்க் நகரம் 2018-இல் கொண்டுவந்த உள்ளூர்ச் சட்டமோ இன்னும் நேரடியானது: மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கொண்ட கட்டடத்தின் உரிமையாளர், வீடுகளைக் கரப்பான், எலி ஆகியவை இல்லாமல் வைத்திருப்பதோடு, அவை நுழையும் துவாரங்களையும் ஈரக்கசிவையும் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணை, கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளரிடமும், வடிகால் சுத்தம் செய்தல், கொசுவலை மாற்றுதல் போன்றவற்றை வாடகைதாரரிடமும் ஒப்படைக்கிறது. நீங்கள் வசிக்கும் இடத்தில் விதி வேறாக இருக்கலாம். எனவே உள்ளூர்ச் சட்டத்தையும் உங்கள் ஒப்பந்தத்தையும் படித்த பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

[திரையில்: காலியான வீடு. ஒருவர் கைவிளக்குடன் கழுவுதொட்டியின் அடியில் பார்க்கிறார்.]

பிற்காலச் சண்டைகளில் பெரும்பகுதியைக் குடிவரும் நாளிலேயே தவிர்த்துவிடலாம். சாவியை வாங்கும்போது உரிமையாளரும் வாடகைதாரரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கழுவுதொட்டியின் அடிப்பகுதி, அலமாரிக் கீல்கள், மின்பெட்டியின் ஓரம், கதவு நிலைகள், குளியலறை வடிகால், பரண் ஆகிய இடங்களைக் கைவிளக்கோடு பார்த்து, தேதி பதியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகுத்தூள் தூவியதுபோன்ற கரும்புள்ளிகள் கரப்பானின் எச்சம். அரிசி வடிவிலான கரிய துகள்கள் சுண்டெலியின் எச்சம். சுவரில் ஏறும் மண்கோடு கரையானுடையது. இவற்றில் ஏதாவது இருந்தால், பொருள்களை உள்ளே கொண்டுவருவதற்கு முன்பே சிகிச்சை நடக்க வேண்டும். காலி வீட்டில் அந்த வேலை எளிது, செலவும் குறைவு. அது உரிமையாளரின் பொறுப்பு என்பதிலும் ஐயத்துக்கு இடமில்லை.

[திரையில்: கதவு நிலையின் மேல் செல்லும் மண்கோடு.]

கரையான் விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. மண்ணுக்கடியில் கூடமைத்து, அடித்தளத்தின் வழியாக மரத்தைத் தேடி வரும் உயிரினம் அது. குடியிருப்பவரின் சமையலறைப் பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. உரிமையாளரே செலவை ஏற்க வேண்டும். வாடகைதாரரின் கடமை, கண்டவுடன் தெரிவிப்பது மட்டுமே. கடையில் வாங்கிய மருந்தை மண்கோட்டின் மேல் தெளித்தால் வெளியில் தெரியும் சில பூச்சிகள் மடியும். கூடு அப்படியே இருக்கும். அறிகுறியும் மறைந்துவிடுவதால் உள்ளே சேதம் தொடர்வது தெரியாமல் போகும்.

[திரையில்: பென்சிலின் தடிமன் அளவுள்ள துவாரம். அதன் வழியே சுண்டெலி நுழைகிறது.]

எலிகளைப் பொறுத்தவரை அளவுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். பெரிய எலிக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் போதும். ஆகவே பொறி வைப்பதும் நஞ்சு வைப்பதும் பாதி வேலைதான்; துவாரத்தை இரும்பு நார், சிமென்ட், உலோகத் தகடு ஆகியவற்றால் அடைப்பதே நிலையான தீர்வு. அது கட்டட வேலை என்பதால் உரிமையாளரைச் சேர்ந்தது. அடைத்த பிறகும் இரவில் உணவு வெளியே கிடந்தால், கதவைத் திறந்து போட்டால், அதன் பொறுப்பு குடியிருப்பவரைச் சேரும். எலி எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்கக் கூடாது என்பதை இருவரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தி, கையுறை அணிந்து, கிருமிநாசினியால் நனைத்த பிறகே துடைத்தெடுக்க வேண்டும்; இல்லையென்றால் நோய்க்கிருமிகள் தூசியோடு காற்றில் பரவக்கூடும்.

[திரையில்: அடுக்குமாடிக் கட்டடத்தின் படம். ஒரு வீட்டில் தெளித்த மருந்து, கரப்பான்களைக் குழாய் வழியே அடுத்த வீட்டுக்குத் துரத்துகிறது.]

கரப்பான் பூச்சிதான் இந்தப் பேச்சில் மிகச் சிக்கலான பகுதி. வடிகாலிலிருந்து ஏறிவரும் பெரிய செந்நிறக் கரப்பான் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாயின் குறையைக் காட்டுகிறது. சமையலறைகளில் கூட்டமாகக் காணப்படும் சிறிய பழுப்பு நிற ஜெர்மன் கரப்பான் வேறு வகை. அதன் ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். பொரியும் தறுவாய் வரை தாய் அதைச் சுமந்துகொண்டே திரியும். வெப்பமான சூழலில் குஞ்சு இரண்டு, மூன்று மாதங்களுக்குள் முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். இந்த வேகத்துக்கு முன்னால் ஒரு மாதத் தாமதம் என்பது சிறிய விஷயமாகாது.

அடுக்குமாடிக் கட்டடங்களில் வீடுகளுக்கு இடையே நீர்க்குழாய்களும் மின்கம்பிகளும் செல்லும் துவாரங்கள் இவற்றுக்குப் பாதையாகின்றன. ஒரு வீட்டில் மட்டும் கடுமையான நெடியுள்ள மருந்தைத் தெளித்தால், தப்பிய பூச்சிகள் பக்கத்து வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் இடம்பெயர்ந்து, மருந்தின் வீரியம் குறைந்ததும் திரும்பி வருகின்றன. அப்படியான இடத்தில், உன் சமையலறை அழுக்கு என்று ஒரு குடும்பத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமும் ஆகாது, பயனும் தராது. தொல்லை உள்ள வீட்டையும், அதன் இருபுறமும் மேலும் கீழும் உள்ள வீடுகளையும் ஒரே நேரத்தில் சோதித்து, கீல்களிலும் இடுக்குகளிலும் ஜெல் மருந்து வைத்து, துவாரங்களை அடைக்க வேண்டும். இதை ஒருங்கிணைக்கும் நிலையில் இருப்பவர்கள் உரிமையாளரும் குடியிருப்போர் சங்கமும்தான். வாடகைதாரர் தன் பங்குக்கு அலமாரிகளைக் காலி செய்து கொடுப்பதும், ஜெல் வைத்த இடங்களில் வேறு தெளிப்பு மருந்தை அடிக்காமல் இருப்பதும் அவசியம். தெளிப்பு மருந்து பட்ட ஜெல்லைக் கரப்பான்கள் தின்னாமல் விலகிவிடும். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளின் ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியவை என்பதால், இதை வெறும் அருவருப்பு சார்ந்த புகாராக எந்த உரிமையாளரும் எண்ணிவிடக் கூடாது.

[திரையில்: மெத்தையின் தையல் ஓரம். கரும்புள்ளிகளும் தட்டையான பூச்சிகளும்.]

மூட்டைப்பூச்சியில்தான் மனக்கசப்பு அதிகம் வருகிறது. மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. மனித இரத்தத்தைத் தேடி வருகிறது. பயணப்பெட்டி, பழைய கட்டில், இரவல் மெத்தை, அடுத்த வீட்டுச் சுவர் என எதன் வழியாகவும் அது வரக்கூடும். எனவே வீட்டின் தூய்மையைக் காட்டி யாரும் பழியைத் தப்பவும் முடியாது, பழி சுமத்தவும் முடியாது. சாதகமான சூழலில் அது இரத்தமின்றிப் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது என்பதால் முன்பு குடியிருந்தவரின் மூட்டைப்பூச்சி இல்லாமல் போயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. கடித்த தடிப்பு சிலருக்கு இரண்டு வாரம் கழித்தே தெரிகிறது. சிலருக்குத் தெரிவதே இல்லை. தடிப்பு தோன்றிய நாளைப் பூச்சி வந்த நாளாகக் கொள்வது தவறான கணக்கு. குடிவந்த சில நாள்களிலேயே சுவர் விரிசல்களிலும் கதவு நிலைகளிலும் பழைய கறைகளும், முட்டைகளும், பல வளர்ச்சிப் பருவப் பூச்சிகளும் காணப்பட்டால், தொல்லை முன்பிருந்தே இருந்தது என்பதற்கு அது வலுவான சான்று. நியூயார்க்கில் புதிய வாடகைதாரருக்கு முந்தைய ஓராண்டின் மூட்டைப்பூச்சி விவரத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதி இல்லாத ஊரிலும் வாடகைதாரர் இதைக் கேட்பதில் தவறில்லை.

யார் கொண்டுவந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில், உரிமையாளர் முதலில் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, செலவைப் பின்னர் பேசித் தீர்த்துக்கொள்வதே சரியானது என்பது என் கருத்து. ஏனெனில் தாமதத்தால் அதிகம் இழப்பவர் கட்டடத்தின் சொந்தக்காரரே. முட்டைகள் பொதுவாக 6 முதல் 10 நாள்களுக்குள் பொரிவதால், சுமார் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை சிகிச்சை தேவைப்படும். ஒரே ஒருமுறைக்கு மட்டும் பணம் தருவேன் என்பது முதல் முறைச் செலவையும் வீணாக்கும். துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் உயர் வெப்பத்தில் துவைத்து உலர்த்துவது வாடகைதாரரின் வேலை. புகைக்குப்பியைத் திறந்து வைப்பது பூச்சிகளை இடுக்குகளுக்குள் விரட்டுமே தவிர ஒழிக்காது. பாதிக்கப்பட்ட மெத்தையை மாடிப்படியில் போட்டுவைப்பதோ, தொல்லையைக் கட்டடம் முழுவதும் பரப்பும்.

கொசுவுக்குச் சுருக்கமாகச் சொன்னால், மேல்நிலைத் தொட்டியின் மூடியும் மொட்டை மாடியில் நீர் தேங்காத சரிவும் உரிமையாளரைச் சேர்ந்தவை. பூந்தொட்டித் தட்டும் வாளியும் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. டெங்குவைப் பரப்பும் கொசுவின் முட்டை வறண்ட நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும் என்பதால், பாத்திரத்தைக் கவிழ்ப்பதோடு உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதும் தேவை.

[திரையில்: கைப்பேசியில் எழுதப்படும் செய்தி. படமும் தேதியும் இணைக்கப்படுகின்றன.]

எந்தப் பூச்சியானாலும் வாடகைதாரர் செய்யக்கூடாத ஒன்று, தன் மேல் பழி விழுமோ என்று அஞ்சி மௌனமாக இருப்பது. பார்த்த அன்றே, எந்த அறையில், எந்த இடத்தில், என்று முதல் தெரிகிறது என்பதைப் படத்துடன் எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை ஒரு குறுஞ்செய்தியாக உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உரிமையாளரும் ஆள் வரும் நாளை எழுத்திலேயே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். தக்க அறிவிப்பு கொடுத்த பிறகும் வாடகைதாரர் கதவைத் திறக்கவில்லை என்றால், வீணான அந்த வருகையின் செலவை அவர் ஏற்பது நியாயம். உரிமையாளர் அசையவே இல்லை என்றாலும், வாடகையைத் தாமாகவே நிறுத்திவிடாதீர்கள். பல இடங்களில் அது வெளியேற்றத்துக்குக் காரணமாகக் காட்டப்படும். உள்ளாட்சிச் சுகாதாரப் பிரிவிடமோ வாடகை நீதிமன்றத்திடமோ முதலில் வழி கேளுங்கள்.

[திரையில்: மருந்துக் குப்பியின் லேபிள். பின்னர் கதவில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.]

மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தானியக் கிடங்குகளுக்குப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ வீட்டுக்குள் வைக்கவே கூடாது. ஈரக்காற்று பட்டதும் அவை பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடுகின்றன. அது இடுக்குகள் வழியே பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் செல்லும். குழந்தைகள் உட்படப் பலர் இப்படி இறந்திருக்கிறார்கள். உரிமையாளர் உரிமம் பெற்ற ஆளை மட்டுமே அழைக்க வேண்டும். மருந்தின் பெயர், வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டிய நேரம், திரும்பியதும் கழுவ வேண்டியவை ஆகியவற்றை வாடகைதாரருக்கும் அண்டை வீட்டாருக்கும் முன்பே தெரிவிக்க வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள், வளர்ப்புப் பறவைகள், மீன்தொட்டி ஆகியவை இருந்தால் வாடகைதாரர் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

[திரையில்: வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பத்தி பெரிதாகத் தெரிகிறது.]

இவை அனைத்தையும் ஒப்பந்தத்தில் ஒரு பத்தியாக எழுதிவிடலாம். "குடிவரும் நாளில் வீடு பூச்சித் தொல்லையின்றி இருப்பதை இருவரும் நேரில் பார்த்து உறுதிசெய்தோம். கட்டடக் குறையால் வரும் தொல்லைக்கும் கரையானுக்கும் உரிமையாளர் செலவு செய்வார். வாடகைதாரரின் பராமரிப்புக் குறைவால் வந்தது என்று பூச்சிக் கட்டுப்பாட்டு நிபுணர் எழுத்தில் தெரிவித்தால், அந்தச் செலவை வாடகைதாரர் ஏற்பார். தொல்லையை அறிந்த மூன்று நாள்களுக்குள் வாடகைதாரர் எழுத்தில் தெரிவிப்பார். அதிலிருந்து ஏழு நாள்களுக்குள் உரிமையாளர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்வார்." இந்த நாள்களை உங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஏதாவது ஓர் எண் இருக்க வேண்டும். பூச்சிக்கு வாடகைதாரரே முழுப் பொறுப்பு என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தால், கையெழுத்திடும் முன் அதைத் திருத்தச் சொல்லுங்கள்.

காலி செய்யும்போதும் இதே போன்று இருவரும் சேர்ந்து பார்த்து, குடிவந்தபோது எடுத்த படங்களோடு ஒப்பிட வேண்டும். முன்பணத்தில் பிடித்தம் செய்வதானால், எந்த இடத்தில் என்ன கண்டோம், எந்த ஆள் என்ன வேலை செய்தார், எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு ரசீது இணைக்க வேண்டும். வாடகைக் காலத்தில் நடந்த ஒவ்வொரு சிகிச்சையின் ரசீதையும் மருந்து விவரத்தையும் உரிமையாளர் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தால், அடுத்து குடிவருபவர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தக் கோப்பையே எடுத்துக் காட்டலாம்.