பக்கத்தில் ஓடியவர்

நண்பர்களே, அடுத்த மாதம் உங்களில் பலர் முதல் அரை மாரத்தான் ஓடப் போகிறீர்கள். ஷூ, சாப்பாடு, பயிற்சி அட்டவணை பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

என் முதல் அரை மாரத்தான் அது. 21.0975 கிலோமீட்டர். எல்லோரையும் போல நானும் தொடக்கத்தில் கூட்டத்தோடு பாய்ந்துவிட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "தம்பி, முதல் தடவையா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "எவ்வளவு நாள் பயிற்சி?" "நாலு... மாசம்." அவர் சிரித்தார். "ரெண்டு வார்த்தைக்கு நடுவுல மூச்சு வாங்குது பாருங்க. ஒரு முழு வாக்கியம் பேச வரணும். அதுவரைக்கும் குறைச்சுக்குங்க."

இது வெறும் அனுபவ வாக்கு இல்லை. பயிற்சியாளர்களும் மருத்துவர்களும் பயன்படுத்தும் பேச்சுச் சோதனையே இதுதான். பேச முடிகிற வேகத்தில் உடல் பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டே சக்தியைத் தயாரிக்கிறது. அதைத் தாண்டினால் தசையில் கிளைகோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்த சர்க்கரை சீக்கிரம் கரையும். அதன் விலையைக் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கொடுப்போம். கையில் கட்டியிருந்த கடிகாரமும் நான் வேகமாகப் போவதைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் கேட்கவில்லை. ஒரு மனிதர் சொன்னதும் கேட்டேன்.

அப்புறம் பேச்சுதான். பல வருடம் இரவு ஷிப்டில் வேலை பார்த்தாராம். அதை விட்ட பிறகும் விடிகாலையில் தூக்கம் வராமல் நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகிவிட்டதாம். தண்ணீர் வைத்திருந்த மேசையில் காகிதக் கப்பை எடுத்ததும் அதன் வாயை இரண்டு விரலால் நசுக்கி, ஓரத்தில் ஒரு சின்ன மூக்கு மாதிரி செய்து காட்டினார். ஓடிக்கொண்டே குடித்தேன், சட்டையில் சிந்தவில்லை, புரையேறவில்லை. இன்றுவரை அப்படித்தான் குடிக்கிறேன்.

2019இல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினாரே, அவரைச் சுற்றி மாறி மாறி ஓட 41 பேர் இருந்தார்கள். அவர்களின் முக்கிய வேலை காற்றைத் தடுப்பது. நம் வேகத்துக்குக் காற்று அவ்வளவு பெரிய எதிரி இல்லை. நமக்குப் பக்கத்து ஆள் தருவது வேறு. 16ஆவது கிலோமீட்டரில் பேச்சு தானாக நின்றது. அதன் பிறகு அவர் காலடிச் சத்தம் மட்டும்தான். என் கால் பின்தங்கும்போது அந்தச் சத்தம் முன்னால் போவது காதில் விழும். உடனே எட்டிப் பிடிப்பேன். காதில் பாட்டு மாட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது. அதனால்தான் இயர்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

19ஆவது கிலோமீட்டரில் அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. "நீங்க போங்க தம்பி" என்றார். எனக்கு 2016 ரியோ ஒலிம்பிக் 5000 மீட்டர் தகுதிச் சுற்று ஞாபகம் வந்தது. நியூசிலாந்தின் நிக்கி ஹாம்ப்ளினும் அமெரிக்காவின் அபே டகஸ்டினோவும் மோதி விழுந்தார்கள். முன்பின் பழக்கம் இல்லாதவர்கள். அபே எழுந்து நிக்கியை எழுப்பினார். கொஞ்ச தூரத்தில் அபேயின் முழங்கால் கைவிட்டது. இப்போது நிக்கி நின்று கை கொடுத்தார். இருவரும் ஓடி முடித்தார்கள். நான் நின்றேன். அவர் ஒரு கம்பத்தைப் பிடித்துக் காலை நீட்டினார். இருவரும் நடந்தோம், பிறகு மெதுவாக ஓடினோம். நான் மனதில் வைத்திருந்த நேரம் கைவிட்டுப் போனது. அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

கோட்டைத் தாண்டியதும், ஷூ கயிற்றில் கோத்திருந்த, ஓட்ட நேரத்தைப் பதியும் சிப்பைக் கழற்றித் தரச் சொன்னார்கள். அவரால் குனிய முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அவர் ஷூவின் முடிச்சை அவிழ்த்தேன். வியர்வையில் ஊறி இறுகியிருந்தது, நேரம் பிடித்தது. அவிழ்த்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, "ஐயா, உங்க பேரைக் கேட்கவே இல்லையே" என்றேன்.