படிக்கிற டாக்டர் கையில் விடலாமா?

ஒலி 96.8 நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இன்று பேச வந்தது, குடலில் ஆபரேஷன் என்றானதும் வீட்டார் அறுவை மருத்துவரான என்னிடம் கேட்பதைப் பற்றி: “பெரிய டாக்டர்தானே செய்வார்?”

நேராகச் சொல்கிறேன். பயிற்சி மருத்துவரும் செய்வார். எந்தக் கட்டத்தை அவரிடம் விடுவது என்பதை மூத்தவர் முடிவு செய்வார், கூடவே நிற்பார். சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் தமிழ் பேசும் தாதியை அழைக்கச் சொல்லுங்கள்.

லேப்ராஸ்கோப்பி என்ற துளைவழி ஆபரேஷனில் கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, 5 முதல் 12 மில்லிமீட்டர் துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்துகிறோம். கையை இடப்பக்கம் நகர்த்தினால் கருவியின் நுனி வலப்பக்கம் போகும். விரலால் தொட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் முதலில் பயிற்சிப் பெட்டிக்குள் சின்னஞ்சிறு வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பழகுவார்கள். அப்புறம் தையல். அதன் பிறகே தியேட்டரில் கேமரா பிடிப்பது. அது எடுபிடி வேலையல்ல. அடுத்து எங்கே வெட்டப்போகிறோம் என்று தெரிந்தவரால்தான் சரியாகப் பிடிக்க முடியும்.

இடப்பக்கக் குடலை எடுக்கும்போது, ரத்தக்குழாயை வெட்டுவதற்கு முன் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாயைக் கண்டுபிடித்தாக வேண்டும். வெளிறிய மெல்லிய குழாய். லேசாகத் தொட்டால் புழுப்போல நெளியும். அந்த நெளிவை எனக்குக் காட்டும்வரை யாரையும் அடுத்த கட்டத்துக்கு விடமாட்டேன். ரத்தம் கசிந்து திரை மங்கினால் கருவி என் கைக்கு வந்துவிடும்.

2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 872 நோயாளிகள் இருந்தார்கள். வயிற்றைத் திறந்து செய்தாலும் துளை வழியே செய்தாலும் புற்றுநோய் திரும்பும் அளவு ஏறத்தாழ ஒன்றுதான் என்று தெரிந்தது. இதைப் பலரும் சொல்வார்கள். ஆனால் அதில் சேர்ந்த மருத்துவர்கள் இந்த முறையில் குறைந்தது 20 ஆபரேஷன் செய்திருக்க வேண்டும், வெட்டித் திருத்தாத வீடியோவையும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையைச் சொல்ல மறந்துவிடுகிறோம். நல்ல முடிவு பழகிய கைக்குக் கிடைத்த முடிவு.

எங்கள் பயிற்சியிலும் வீடியோவுக்குப் பெரிய பங்குண்டு. ஆபரேஷன் முடிந்த பிறகு உட்கார்ந்து, எங்கே தயங்கினார், எங்கே இழுத்தது அதிகம் என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். உங்கள் ஆபரேஷன் பதிவைப் பயிற்சிக்குக் காட்டலாமா என்று மருத்துவர் கேட்டால், முடிந்தால் சரி என்று சொல்லுங்கள்.