கோணல் பூக்களிடம் பாடம் கேட்டவர்

வணக்கம் நேயர்களே.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ. பூவின் ஒவ்வொரு வயதுக்கும் நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. இலைக்கும் அப்படித்தான்: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. இத்தனை சொற்கள் இருந்தும் ஒரு கேள்விக்கு வெகுகாலம் யாரிடமும் பதில் இல்லை. செடியின் வளர்நுனியில், வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சின்னச் சின்னப் புடைப்புகள் தோன்றுகின்றன. பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அவற்றில் ஒன்று இலையாகிறது, ஒன்று இதழாகிறது, இன்னொன்று மகரந்தத்தாள் ஆகிறது. எது எதுவாக வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் உழைத்தவர் என்ரிக்கோ கோயன். இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஜான் இன்னெஸ் மையத்தின் தாவர மரபியலாளர். அவர் எடுத்துக்கொண்ட செடி ஸ்நாப்டிராகன். பூவின் இரு பக்கத்தையும் விரலால் அழுத்தினால் வாய் திறப்பதுபோல் திறக்குமே, அந்தத் தோட்டச் செடிதான். அந்த மையத்தின் முதல் இயக்குநரான வில்லியம் பேட்சன் காலத்திலிருந்தே ஸ்நாப்டிராகன் அங்கே ஆராயப்பட்டு வந்தது. மரபியல் துறைக்கு ஆங்கிலப் பெயரைக் கொடுத்தவரே பேட்சன்தான். ஓர் உறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் உறுப்பு முளைக்கும் விசித்திரங்களை 1894லேயே அவர் தொகுத்து வைத்திருந்தார்.

கோயனுக்கு வேண்டியது அப்படிப்பட்ட விசித்திரங்கள்தான். ஆனால் அவை எப்போதாவதுதான் தோன்றும். இங்கேதான் ஸ்நாப்டிராகன் கைகொடுத்தது. அதன் மரபுப் பொருளில் இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. அப்படித் தாவும் ஒரு துண்டு ஏதாவது ஒரு மரபணுவுக்குள் போய் உட்கார்ந்தால் அந்த மரபணு கெட்டுவிடும். டாம்3 என்ற துண்டு 25 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். 15 டிகிரி குளிரில் சுறுசுறுப்பாகத் தாவும். கோயனும் அவருடைய நெடுநாள் சகா ரோஸ்மேரி கார்ப்பென்டரும் செடிகளைக் குளிரில் வளர்த்து, விதை எடுத்து, அடுத்த தலைமுறையை வரிசை வரிசையாக நட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எந்தப் பூ கோணலாக இருக்கிறதோ அதுவே அவர்களுக்குப் பொக்கிஷம். கெடுத்த துண்டு அந்த மரபணுவுக்குள்ளேயே இருப்பதால், துண்டைப் பிடித்தால் மரபணுவும் கூடவே வந்துவிடும். பூக்க வேண்டிய இடத்தில் பூவே இல்லாமல் மேலும் மேலும் தண்டாகவே கிளைத்துக்கொண்டிருந்த ஒரு செடியிலிருந்து, 1990ல் பூவைத் தொடங்கி வைக்கும் மரபணுவை அப்படித்தான் பிடித்தார்கள்.

அதே சமயம் அமெரிக்காவில் எலியட் மேயரோவிட்ஸ், அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் இதே போன்ற கோணல்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டு செடிகளும் உறவில் மிகத் தூரம். ஆனாலும் கோணல்கள் ஒரே மாதிரி இருந்தன. 1991ல் கோயனும் மேயரோவிட்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் பிறந்ததுதான் இன்று பாடநூல்களில் இருக்கும் ஏ, பி, சி என்ற விளக்கம்.

கையில் காகிதம் இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வெளிவட்டம் புல்லி, அடுத்தது அல்லி, அதாவது இதழ்கள். மூன்றாவது மகரந்தத்தாள், நடுவில் சூலகம். இந்த நான்கையும் உருவாக்க நான்கு தனித்தனிக் கட்டளைகள் தேவையில்லை, ஏ, பி, சி என்ற மூன்று மரபணுக் கட்டளைகள் போதும் என்பதுதான் கண்டுபிடிப்பு. ஏ மட்டும் இருந்தால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் இதழ். பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள். சி மட்டும் இருந்தால் சூலகம். ஏயும் சியும் ஒன்றையொன்று அண்டவிடாது: ஒன்று போனால் அதன் இடத்தையும் மற்றது பிடித்துக்கொள்ளும்.

சி கெட்டுவிட்டால் என்ன ஆகும் என்று வட்டத்தைப் பார்த்து நீங்களே சொல்லிவிடலாம். மூன்றாம் வட்டத்துக்கும் ஏ பரவும். பியோடு சேர்ந்து அங்கேயும் இதழ் வரும். பூவை முடித்து வைப்பதும் சியின் வேலை என்பதால், நடுவில் சூலகத்துக்குப் பதில் இன்னொரு பூ தொடங்கும். இதழுக்குள் இதழ், அதற்குள்ளும் இதழ். நாம் அடுக்குப் பூ என்று சொல்கிறோமே, அதன் அடிப்படை இதுதான். அடுக்கு ரோஜாவில் இந்தச் சி இயங்கும் இடம் குறுகிப் போயிருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. அடுத்த முறை அடுக்குச் செம்பருத்தியைக் கையில் எடுத்தால் நடுப்பகுதியைப் பிரித்துப் பாருங்கள். பாதி இதழாகவும் பாதி மகரந்தத்தாளாகவும் நிற்கும் உறுப்புகள் கிடைக்கும்.

சரி, மூன்றும் கெட்டால்? பூவின் எல்லா உறுப்புகளும் இலை போலவே ஆகிவிடுகின்றன. பூவின் உறுப்புகள் இலையின் மாற்று வடிவங்களே என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790ல் எழுதினார். வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னது, 200 ஆண்டுகள் கழித்துச் சோதனைச் செடியில் நின்றது. எனக்கு இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சிலிர்க்கும். 2001ல் ஆராய்ச்சியாளர்கள் எதிர்த்திசையிலும் போய், சாதாரண இலையையே இதழ் போன்ற உறுப்பாக மாற்றிக் காட்டினார்கள். அதற்கு ஏ, பி மட்டும் போதவில்லை. செபல்லாட்டா என்ற இன்னொரு மரபணுத் தொகுதியின் துணையும் தேவைப்பட்டது. ஏ பற்றிய பகுதி எல்லாச் செடிகளுக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. பியும் சியும் உறுதியாக நிற்கின்றன.

இனி இலைக்கு வருகிறேன். நான் இன்று பேச ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

இலை தட்டையாக இருக்கிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு துணியின் ஓரத்தில் அதைவிட நீளமான துணியைச் சுருக்கித் தைத்தால் என்ன ஆகும்? ஓரம் அலை அலையாக எழும்பும். சட்டைக்கு ஃப்ரில் வைப்பது அப்படித்தான். இலையிலும் ஓரம் கொஞ்சம் அதிகம் வளர்ந்தால் அலை அலையாகும். நடு கொஞ்சம் அதிகம் வளர்ந்தால் கிண்ணம்போல் குழியும். ஆயிரமாயிரம் செல்கள் பெருகும்போது எந்த இடமும் மிஞ்சாமல், எந்த இடமும் குறையாமல் வளர்ந்தால்தான் தட்டை கிடைக்கும். தட்டை தானாக அமைவதில்லை, காக்கப்படுகிறது.

இதைக் காட்டியதும் ஒரு கோணல் செடிதான். இலைகள் சுருண்டு, ஓரங்கள் அலையாக எழும்பிய அந்த ஸ்நாப்டிராகனுக்குச் சின்சின்னாட்டா என்று பெயர், லத்தீனில் சுருள்முடி. அப்போது கோயனின் குழுவில் இருந்தவரும், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானவருமான உத்பல் நாத் அதை ஆராய்ந்தார். 2003ல் முடிவு வெளிவந்தது. இளம் இலையில் செல் பிரிதல் நுனியில் முதலில் நிற்கிறது. அந்த நிறுத்தம் ஓர் அலைபோல நுனியிலிருந்து காம்பை நோக்கி இறங்குகிறது. நல்ல இலையில் நடுவும் ஓரமும் ஏறக்குறைய சேர்ந்தே நிற்கின்றன. சுருள் இலையில் அலை மெதுவாக நகர்கிறது; ஓரங்களில் இன்னும் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில் ஓரச் செல்கள் கூடுதலாகப் பெருகிவிடுகின்றன. ஆக, இலையின் வடிவத்துக்கு வளர்வது மட்டும் போதாது, எப்போது நிற்பது என்பதும் வேண்டும். இந்தச் செடியில் கெட்டுப்போன மரபணுவுக்கும் சின்சின்னாட்டா என்றே பெயர். அது இதழில் நேர்மாறாக வேலை செய்கிறது என்று 2004ல் தெரிந்தது: இலையில் வளர்ச்சியை நிறுத்துவது, இதழின் மடலில் வளர்ச்சியைத் தூண்டுகிறது.

இந்தச் சின்சின்னாட்டாவுக்குச் சைக்ளாய்டியா என்று ஓர் உறவு மரபணு உண்டு. ஸ்நாப்டிராகன் பூவுக்கு மேல், கீழ் என்ற வேறுபாட்டைக் கொடுப்பதில் அதற்கு முக்கியப் பங்கு. அதுவும் அதன் துணை மரபணுவும் கெட்டால், வாய்போன்ற பூ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியான வட்டப் பூவாகிவிடும். 1740களில் ஸ்வீடனில், உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் இப்படி வட்டமாகிப்போன ஒரு காட்டுப் பூ வந்து சேர்ந்தது. அவருக்கு அது பேரதிர்ச்சி. அரக்கன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெலோரியா என்று பெயர் வைத்தார். 1999ல் பிலார் கூபாஸும் கோயனும் அதே வகைப் பூவை ஆராய்ந்தபோது, சைக்ளாய்டியா போன்ற மரபணுவின் எழுத்து மாறவில்லை, அதன்மேல் மெத்தில் குறிகள் என்ற சிறு வேதிக் குறிகள் படிந்து அது மௌனமாகியிருந்தது என்று கண்டார்கள்.

பிற்காலத்தில் கோயனின் குழு நீரில் வாழும் பூச்சியுண்ணும் செடியான யூட்ரிகுலேரியாவுக்குப் போனது. அதன் பொறி ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள கிண்ணம். தொட்ட சிற்றுயிரை ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் உறிஞ்சிவிடும். அந்தக் கிண்ணமும் இலைதான். இளம் இலையில் மேல்பக்கம் எது என்று குறிக்கும் மரபணு, பொறியாகப் போகும் புடைப்பில் மிகச் சிறிய இடத்துக்குள் ஒடுங்கியிருக்கிறது. 2020ல் வெளியான சோதனையில் அதைப் புடைப்பு முழுவதும் இயங்கும்படி செய்தார்கள். கிண்ணம் உருவாகவில்லை.

நன்றி, வணக்கம்.