அறிவிப்புப் பலகையில் குத்திய ஒரு தாள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

1930களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டி மாயின் நகரில் ஒரு வானொலி நிலையம். பேஸ்பால் ஆட்டம் நடப்பதோ 300 மைலுக்கு அப்பால், சிகாகோவில். அங்கிருந்து ஒவ்வொரு பந்துக்கும் தந்தியில் ஒரு சுருக்கக் குறிப்பு வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைத் தாளில் தட்டச்சு செய்து நீட்டுவார். அந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு, ஏதோ மைதானத்திலேயே உட்கார்ந்து பார்ப்பதுபோல அறிவிப்பாளர் ஆட்டத்தை வர்ணிக்க வேண்டும். ஒருநாள் ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் தந்தி நின்றுபோனது. அதை வெளியில் சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். என்ன செய்வது? மட்டை பிடித்தவர் பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டார், மறுபடியும் வெளியே அடித்தார், இன்னும் ஒருமுறை என்று சொல்லிக்கொண்டே போனார் அந்த இளைஞர். அப்படி அடித்த பந்து ஆட்டத்தின் முடிவை மாற்றாது. தந்தி திரும்ப வரும்வரை ஆறு நிமிடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினாராம். பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் விரும்பிச் சொன்ன சம்பவம் இது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன்தான் அவர்.

கல்லூரியில் அமெரிக்க வரலாறு நடத்திய ஆண்டுகளில் என்னிடம் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப்போகிறேன். ரீகனும் வரியைக் கூட்டினார், அவருக்குப் பின் அதிபராக வந்த மூத்த புஷ்ஷும் வரியைக் கூட்டினார். இருவரும் ஒரே குடியரசுக் கட்சி, ஒரே பழமைவாத முகாம். வரி கூடாது என்று சொல்லித்தான் இருவருமே வாக்குக் கேட்டார்கள். ஒருவரை அந்த முகாம் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது, மற்றவரை நான்கே ஆண்டில் கைவிட்டது. ஏன்?

ரீகன் பிறவிப் பழமைவாதி அல்ல. ஜனநாயகக் கட்சி அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட்டுக்கு நான்கு முறை ஓட்டுப் போட்டவர். திரை நடிகர் சங்கத்துக்குத் தலைவராக இருந்து ஸ்டுடியோ முதலாளிகளோடு பேரம் பேசியவர். கேட்பதில் பாதி கிடைத்தால் வாங்கிக்கொண்டு, மீதிக்கு அடுத்த முறை வா என்பது அவர் அங்கே கற்ற பாடம். 1962இல்தான் குடியரசுக் கட்சியில் பதிந்துகொண்டார். 1964 அக்டோபர் 27 அன்று குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டருக்காக அவர் ஆற்றிய தொலைக்காட்சி உரை ஒன்றே அவரை நாடறியச் செய்யப் போதுமானதாக இருந்தது. கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களோடு மண்ணைக் கவ்வினார், ஆனால் பேச்சாளர் நிலைத்துவிட்டார். இரண்டே ஆண்டில் அவர் கலிஃபோர்னியாவின் ஆளுநராகத் தேர்வானார்.

அங்கே நடந்த ஒன்றை நான் முக்கியமாக நினைக்கிறேன். சம்பளத்திலேயே மாநில வருமான வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். இந்த விஷயத்தில் என் கால்கள் கான்கிரீட்டில் நிற்கின்றன, நகரமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். சில ஆண்டுகளில் மாநிலத்தின் கஜானா நெருக்கடியில் மாட்டியது. வேறு வழியில்லை. செய்தியாளர்கள் முன்பு வந்து நின்று, இப்போது நீங்கள் கேட்கும் சத்தம் என் காலைச் சுற்றியிருக்கும் கான்கிரீட் உடைகிற சத்தம் என்றார். தோல்வியைத் தன் வாயாலேயே அறிவித்தார். இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் பதவி முடிந்ததும் 1975இலிருந்து நாடு முழுவதும் ஒலிபரப்பான சிறு வானொலி உரைகளைத் தந்தார். ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதியை மஞ்சள் தாளில், தன் கையெழுத்தில், அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார். எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் நடிகர் என்று அவரை ஒதுக்கியவர்கள், பிற்பாடு அந்தக் கையெழுத்துப் பிரதிகள் வெளிவந்தபோது தங்கள் கணிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

1980 தேர்தல். முந்தைய தேர்தல்களில் தனித்தனியாக நின்ற மூன்று கூட்டங்கள் அவர் பின்னால் ஒன்றாகத் திரண்டன. வரிச்சுமை தாங்காத தொழில்துறையும் நடுத்தர வர்க்கமும், கம்யூனிச எதிர்ப்பாளர்கள், அப்புறம் அமெரிக்கா வழி தவறிவிட்டது என்று கலங்கிய சமயப் பற்றாளர்கள். அந்த ஆண்டு விலைவாசி 13.5 சதவீதம் ஏறியிருந்தது. ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணையாகப் பிடிபட்டிருந்தார்கள். 44 மாநிலங்களை ரீகன் வென்றார். இதில் ஒரு கறையும் உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1964இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்களைக் கொன்று புதைத்த மிசிசிப்பியின் நஷோபா மாவட்டத்துக்கு, அந்தப் பிரசாரத்தில் அவர் போனார். அங்கே வெள்ளையர் கூட்டத்தின் முன் 'மாநிலங்களின் உரிமை' பற்றிப் பேசினார். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தர மறுத்த வெள்ளையர்கள் அந்த மண்ணில் எடுத்துப் பிடித்த சொல் அது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

பதவியேற்ற 70ஆம் நாள் அவர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மருத்துவமனையில் கிடந்தவரைப் பார்க்க எதிர்க்கட்சிக்காரரான சபாநாயகர் டிப் ஓ'நீல் வந்தார். கட்டிலருகே மண்டியிட்டு, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து சொன்னார். எழுந்து போகும்போது நெற்றியில் முத்தமிட்டார். பகல் முழுக்க இருவரும் பட்ஜெட்டில் கட்டிப்புரண்டு சண்டை போட்டவர்கள். அதன்பிறகும் சண்டை நிற்கவில்லை. ஆனால் இந்த ஒரு காட்சி இல்லாமல் 1983இல் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

1981 ஆகஸ்டில் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு 48 மணி நேரம் கெடு கொடுத்து, திரும்பாத 11,000க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கினார். முந்தைய ஆண்டு அவருக்கு ஆதரவு தந்த சங்கம் அது. அடுத்த சில நாட்களில், வருமான வரி விகிதங்களை மூன்று ஆண்டுகளில் 23 சதவீதம் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சரி, இதுதான் ரீகன், இரும்பு மனிதர் என்று ஆதரவாளர்கள் பூரித்துப்போனார்கள்.

ஒரு வருடம்தான் ஆனது. விலைவாசியை அடக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை ஏற்றிப் பிடித்திருந்ததால் தொழில்கள் படுத்துவிட்டன. வேலையின்மை ஏறிக்கொண்டே போய், 1982 கடைசியில் 10.8 சதவீதத்தைத் தொட்டது. அரசின் பற்றாக்குறை வாயைப் பிளந்தது. குறைத்த வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கூட்ட வேண்டிய நிலை. மூன்று ஆண்டுகளில் சுமார் 100 பில்லியன் டாலர். கட்சிக்குள் கொந்தளிப்பு. அப்போது ரீகன் என்ன செய்தார்? 1982 ஆகஸ்ட் 16 அன்று இரவு தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார். நான் மனம் மாறவில்லை, செலவைக் குறைக்க எதிர்த்தரப்பு சம்மதிப்பதற்கு நான் கொடுக்கும் விலை இது, அதனால் இதை ஆதரியுங்கள் என்று வீட்டுக்கு வீடு கேட்டார். எதிர்த்தரப்பு வாக்குக் கொடுத்த செலவுக் குறைப்பு கைக்கு வரவில்லை என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஆனால் பின்வாங்கியதை அவர் யாரிடமும் ஒளிக்கவில்லை.

1983இல் முதியோர் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி திவாலாகும் நிலைக்கு வந்தது. ரீகனும் ஓ'நீலும் ஆளுக்கொரு அடி இறங்கினார்கள். ரீகன் வரியைக் கூட்டச் சம்மதித்தார், ஓ'நீல் ஓய்வு வயது 65இலிருந்து படிப்படியாக 67க்கு உயரச் சம்மதித்தார். அடுத்த ஆண்டு ரீகன் 49 மாநிலங்களை வென்றார்.

வெளியுறவிலும் இதே கதைதான். 1983இல் சோவியத்தைத் தீய சாம்ராஜ்யம் என்றவர், 1987 டிசம்பர் 8 அன்று சோவியத் தலைவர் கோர்பச்சேவோடு உட்கார்ந்து, நடுத்தூர அணு ஏவுகணைகளை அடியோடு ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஹிட்லருக்குப் பணிந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினோடு அவரை ஒப்பிட்டு, அவருடைய முகாமைச் சேர்ந்தவர்களே செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்கள். அவர் அசையவில்லை. அந்த ஒப்பந்தப்படி அழிந்த ஏவுகணைகள் 2,692. என் கணக்கில் அவர் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய நன்மை அதுதான்.

அதே குரல் தேவைப்பட்ட இடத்தில் ஒலிக்காமல் போனதும் உண்டு. எய்ட்ஸ் நோயில் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தபோது அவர் அதைப் பற்றி ஒரு முழு உரை ஆற்றியது 1987 மே மாதக் கடைசியில்தான். அதற்குள் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். ஒரு நாட்டையே பேச்சால் அசைக்கத் தெரிந்த மனிதர் அத்தனை ஆண்டு மௌனமாக இருந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி புஷ்ஷுக்கு வருவோம். 1988 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் கட்சி மாநாட்டில், என் உதட்டசைவைப் பாருங்கள், புதிய வரி கிடையாது என்றார். அரங்கம் அதிர்ந்தது. அந்த வாசகம் உரையில் வேண்டாம் என்று அவருடைய ஆலோசகர் ரிச்சர்ட் டார்மன் முன்பே எச்சரித்திருந்தார். புஷ்ஷுக்கு வாய்த்ததோ ரீகன் காலத்தில் ஏறிப்போன கடன். அந்த எட்டு ஆண்டுகளில் தேசியக் கடன் கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருந்தது. செனட், பிரதிநிதிகள் சபை இரண்டுமே எதிர்க்கட்சியின் கையில். வரியைக் கூட்டாமல் உடன்பாடு இல்லை என்று அவர்கள் நின்றார்கள்.

1990 ஜூன் 26. வரி வருவாயை உயர்த்துவதும் தேவை என்று சம்மதிக்கும் சிறு அறிக்கை தயாரானது. அதிபர் தொலைக்காட்சிக்கு வரவில்லை, மக்களிடம் பேசவில்லை. வெள்ளை மாளிகையின் செய்தியாளர் அறையில், அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைக் குத்தி வைத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் உதட்டைப் பாருங்கள் என்று கேட்டவர், உதட்டைப் பார்க்க வேண்டிய நாளில் முன்னால் வரவில்லை.

அந்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. சரியான முடிவு, துணிச்சலான முடிவு. ஐந்து ஆண்டுகளில் பற்றாக்குறையிலிருந்து மொத்தம் 500 பில்லியன் டாலருக்குச் சற்றுக் குறைவான தொகையைக் குறைக்கும் ஏற்பாடு அது. ஆனால் அவர் விட்ட இடைவெளியில் வேறு குரல்கள் புகுந்தன. செப்டம்பர் 30 அன்று உடன்பாட்டை அறிவிக்க இரு கட்சித் தலைவர்களும் வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் அதிபரோடு நின்றபோது, பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சியின் கொறடாவான நியூட் கிங்ரிச் அங்கே நிற்காமல் கிளம்பிப் போய்விட்டார். சில நாட்களில் அந்த உடன்பாட்டைச் சபையில் தோற்கடித்தவர்களில் புஷ்ஷின் கட்சிக்காரர்கள் நிறையப் பேர். நவம்பரில் வேறு வடிவில்தான் சட்டமானது. வருமான வரியின் உச்ச விகிதம் 28இலிருந்து 31 சதவீதமானது.

ரீகனுக்கு நேரம் கூடி வந்தது என்பதையும் மறுக்க முடியாது. 1984க்குள் பொருளாதாரம் நிமிர்ந்துவிட்டது. புஷ்ஷுக்கு மந்தநிலை தேர்தல்வரை நிழலாக ஒட்டிக்கொண்டது. வளைகுடாப் போர் முடிந்தபோது 89 சதவீத மக்கள் அவரை ஆதரித்தார்கள். ஒரே ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் அவர் கட்சியின் பழமைவாதியான பேட் புகேனன் அவருக்கு எதிராக 37 சதவீத வாக்கு வாங்கினார். அந்த நவம்பரில் நாடு முழுவதும் புஷ்ஷுக்கே கிடைத்ததும் ஏறத்தாழ அதே 37 சதவீதம்தான்.

அந்தத் தோல்வியிலிருந்து கட்சி என்ன கற்றுக்கொண்டது? மக்களிடம் வந்து விளக்கு என்பதையல்ல, ஒருநாளும் விட்டுக்கொடுக்காதே என்பதை. வரியைக் கூட்டமாட்டேன் என்று எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தராத வேட்பாளருக்குக் கட்சியில் பிழைப்பு கடினமானது. 1994இல் கிங்ரிச் தலைமையில் 40 ஆண்டுக்குப் பின் பிரதிநிதிகள் சபையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பட்ஜெட் சண்டையில் அரசு அலுவலகங்கள் இரண்டு முறை மூடிக்கிடந்தன. எல்லாம் ரீகன் பெயரைச் சொல்லியே நடந்தது. நடிகர் சங்கத்தில் பாதி வாங்கிக்கொள்ளப் பழகிய அந்த ரீகனை அவர்கள் மறந்துபோனார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

1998இல் அமெரிக்க அரசின் பட்ஜெட், 1969க்குப் பின் முதன்முறையாக உபரி கண்டது. அப்போது கிளின்டன் அதிபர். 1990 உடன்பாடும், 1993இல் கிளின்டன் கூட்டிய வரியும், தொண்ணூறுகளின் வளர்ச்சியும் சேர்ந்து கொடுத்த பலன் அது. 2014இல், ஜனநாயகக் கட்சியின் மாபெரும் குடும்பத்தைச் சேர்ந்த அதிபர் ஜான் கென்னடியின் பெயரில் பாஸ்டனில் இருக்கும் நூலகத்தில், அரசியல் துணிச்சலுக்கான விருதை மூத்த புஷ்ஷுக்கு அறிவித்தார்கள். 1990இல் அவர் எடுத்த அந்த முடிவுக்காகத்தான். அவருக்கு அப்போது வயது 89. நேரில் வர உடல் இடம் கொடுக்கவில்லை. அவர் சார்பில் பேத்தி வந்து வாங்கிக்கொண்டார்.

நன்றி, வணக்கம்.