மழைக்குப் பொறுப்பேற்றவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தென் சூடானின் கிழக்கு எக்குவட்டோரியா மாநிலத்தில், இமாத்தோங் மலைகளுக்கு அருகே தோரித் என்றொரு நகரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் லொத்துஹோ மக்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மாடு வளர்ப்பவர்கள், சோளமும் எள்ளும் நிலக்கடலையும் விதைப்பவர்கள். கென்யாவின் மாசாய் மக்கள் பேசும் மொழிக்கு உறவுமொழி இவர்களுடையது.

ஊரை ஆள்வது யார் என்று அங்கே கேட்டால் ஒரு தனி ஆளின் பெயர் வராது. 'மொன்யொமிஜி' என்பார்கள். ஊருக்கு உடையவர்கள், ஊரின் தந்தையர் என்று பொருள். ஒரு தலைமுறை ஆண்கள் எல்லோரும் சேர்ந்து காவலையும் வழக்கையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஊருக்கு ஊர் கணக்கு மாறும். சில ஊர்களில் அடுத்த தலைமுறைக்குப் பொறுப்பு கைமாற 20 ஆண்டுகளுக்கு மேலாகும். கைமாறும்போது பழைய நெருப்பையெல்லாம் அணைத்துவிட்டு, தீக்கடைகோலால் புதுத் தீ எடுப்பார்கள். அந்தத் தீயைக் கொண்டுதான் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டுவார்கள்.

மழையின் பொறுப்பு மட்டும் ஒரு குடும்பத்துக்கு உரியது. மழையை வரவழைக்கும் அந்தத் தலைவருக்குப் பெரும் மதிப்பு உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திராங்கோரே ஊரில் இக்காங் என்ற பெண்மணியே அந்த இடத்தில் இருந்தார். மழை பொய்த்தால் மக்கள் அவரிடம் போய்க் கேட்பார்கள். வறட்சி நீடித்து, ஊரின் கோபத்தில் உயிரிழந்த மழைத் தலைவர்களும் உண்டு. கொடுமைதான், மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் ஊருக்குள் பகை இருந்தால் மழை வராது என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்தது. அதனால் மழை வேண்டுமென்றால் முதலில் சண்டையைத் தீர்க்க வேண்டும்.

அவர்களுடைய கடவுள் அஜொக். ஒரு கதை சொல்வார்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய் அஜொக்கிடம் அழுதாள். அவர் மனமிரங்கிக் குழந்தையை எழுப்பிக் கொடுத்தார். கணவனோ ஆத்திரப்பட்டு அதை மீண்டும் கொன்றுவிட்டான். இனி எவரையும் எழுப்ப மாட்டேன் என்று அஜொக் சொல்லிவிட்டாராம். சாவு நிலைத்தது ஒரு வீட்டுச் சண்டையால்! அந்தத் தாயை நினைக்காமல் இந்தக் கதையை என்னால் கடக்க முடிவதில்லை.

1863இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயப் பயணி அங்கே வந்தார். இறந்தவரைப் புதைத்து, சில காலம் கழித்து எலும்புகளை எடுத்துத் தாழியில் இட்டு ஊர்ப்புறத்தில் வைப்பதைப் பார்த்தார். மறுமையை நம்பித்தானே இதைச் செய்கிறீர்கள் என்று கொமோரோ என்ற தலைவரிடம் கேட்டார். இல்லை என்றார் கொமோரோ. மண்ணில் போட்ட விதை முளைக்கிறதே என்று பேக்கர் விடாமல் வாதாடினார். போட்ட விதை அழுகிப் போகிறது, எழுவது வேறு தானியம். நான் செத்துப் போவேன், என் பிள்ளைகள் வளர்வார்கள் என்று பதில் வந்தது. பிள்ளையில்லாதவன்? அவனோடு எல்லாம் முடிந்தது.

பிள்ளைகள்தான் எல்லாம் என்று வாழும் அந்த மக்களின் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது? 1955 ஆகஸ்ட் 18இல் தோரித்தில் படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். சூடானின் முதல் உள்நாட்டுப் போர் அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். லொத்துஹோ குடியில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார் சத்துர்னினோ லொஹூரே, அப்போது சூடானோடு சேர்ந்திருந்த தெற்கின் உரிமைக்காகப் போராடி 1967இல் கொல்லப்பட்டார். 2011 ஜூலை 9இல் தென் சூடான் தனிநாடானது. இரண்டே ஆண்டில் மீண்டும் போர். 2016இல் அது தோரித் பக்கமும் பரவியது. எத்தனையோ குடும்பங்கள் உகாண்டாவுக்கும் கென்யாவின் ககூமா அகதி முகாமுக்கும் ஓடின. ஈட்டியோடு நடந்த மாட்டுக் கொள்ளை இப்போது துப்பாக்கியோடு நடக்கிறது.

பிரசவத்தில் தாய்மார் இறப்பது உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் தென் சூடானும் ஒன்று. அங்கே வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல: நடந்து போகும் தூரத்தில் ஒரு மருத்துவச்சி, ஊருக்குள் ஓர் ஆழ்துளைக் கிணறு, மழைக்காலத்திலும் வண்டி போகும் பாதை, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும் ஆசிரியர். உதவ வருகிறவர்கள் முதலில் மொன்யொமிஜியோடு உட்கார்ந்து பேசட்டும். கிணறு எந்த இடத்தில் வெட்டினால் இரண்டு ஊருக்கும் சண்டை வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நன்றி, வணக்கம்.